செலவே இல்லாத ஊர்

"உங்களுக்கென்னம்மா, திருத்தணியில இருக்கீங்க. அங்க என்ன செலவு வந்துடப் போகுது?"

என் மேனேஜர் இப்படிக் கேட்டது ஒரு திங்கட்கிழமை காலை, வீடியோ மீட்டிங்கில். கேள்வி மாதிரி இருந்தாலும் அவர் பதிலை எதிர்பார்க்கவில்லை. சென்னைக்கு வெளியே இருந்து வேலை செய்கிறவர்களுக்கு, அவரவர் ஊரின் செலவுக்குத் தகுந்தபடி சம்பளத்தை 'மாற்றியமைக்க'ப் போவதாகக் கம்பெனி முடிவு செய்திருந்தது. குறைக்கப் போகிறோம் என்று யாரும் வாயால் சொல்லவில்லை. எங்கள் கணக்குப் பிரிவிலேயே, எனக்குப் பிறகு சேர்ந்த ஒருவர் பெங்களூரில் இருந்து வேலை பார்க்கிறார். அவருக்குச் சம்பளம் கூடியது. எனக்கு ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. இரண்டு பேரும் பார்ப்பது ஒரே பில்கள், ஒரே ஜிஎஸ்டி, மாதக் கடைசியில் ஒரே தலைவலி.

"சார், அப்ப என் வேலையும் அஞ்சுல ஒரு பங்கு குறையுமா?" என்று கேட்டேன்.

யாரோ சிரித்தார்கள். உடனே மைக்கை அணைத்துக்கொண்டார்கள். "இது பாலிசிம்மா, என் கையில இல்ல," என்று சொல்லிவிட்டு மேனேஜர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

மடிக்கணினியை மூடிவிட்டு முன்னறைக்கு வந்தேன். நைனா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நான் பேசியது முழுக்க அவர் காதில் விழுந்திருந்தது. பக்கவாதம் வந்ததிலிருந்து வார்த்தைகள் அவருக்கு ஒவ்வொன்றாகத்தான் வரும்.

"இன்னாவாம்?"

"நம்ம ஊர்ல செலவு கம்மியாம் நைனா. அதனால சம்பளத்தக் குறைச்சுட்டாங்க."

"அவன வந்து இருந்து பாக்கச் சொல்லு," என்றார்.

அவருக்குப் பக்கவாதம் வந்த வருஷம்தான் நாங்கள் அம்பத்தூரை விட்டு இங்கே வந்தோம். நைனா அங்கே லாரி பட்டறையில் மெக்கானிக்காக இருந்தவர். அம்மா இல்லை. அவரைத் தனியாக விட்டுவிட்டு நான் அலுவலகம் போக முடியாது என்ற நிலையில், வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பெனி சொன்னது. அத்தை கே.ஜி.கண்டிகையில் இருக்கிறார், ஆத்திர அவசரத்துக்கு ஒரு ஆள் பக்கத்தில் இருக்கும் என்று திருத்தணியில் வீடு பார்த்தேன். அம்பத்தூரில் கொடுத்த வாடகையில் பாதிதான். அதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன். அந்தப் பாதியைக் கேட்டு மயங்கியவள் நானேதான்.

மிச்சமானது எங்கே போகிறது என்று வந்தபிறகு தெரிந்தது. நைனாவைப் பார்க்கும் நரம்பு டாக்டர் சென்னையில் இருக்கிறார். மின்சார ரயிலில் போனால் டிக்கெட் ஒரு காபி விலைகூட இல்லை என்பார்கள். நைனாவைப் பிளாட்பாரத்திலிருந்து ரயில் பெட்டிக்குள் ஏற்ற ஒரு தடவை முயற்சி செய்துவிட்டு, அழுதுகொண்டே வீட்டுக்குத் திரும்பினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் வாடகைக் கார்தான். அவர் கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்க வருகிறவர் அரக்கோணத்திலிருந்து வண்டியில் வருகிறார். பெட்ரோல் காசு தனி. போர் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது, குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர்தான். மத்தியானத்தில் கரண்ட் போனால் கம்பெனி காத்திருக்காது என்பதால் இன்வெர்ட்டர் வாங்கினேன். கம்பெனிக்காக வாங்கிய இன்வெர்ட்டரைக் கம்பெனியின் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை.

இதுபோக, இது மலைக்கோயில் ஊர். கிருத்திகை வந்தால், முகூர்த்த நாள் வந்தால், விடுமுறை வந்தால் பூவிலிருந்து வாழைப்பழம்வரை விலை ஏறிவிடும். மலைக்கு வருகிறவர் அந்த விலையை வருஷத்தில் ஒருநாள் கொடுத்துவிட்டு, முருகா என்று பஸ் ஏறிப் போய்விடுவார். மலையடியில் குடியிருக்கிறவர்கள் வருஷம் முழுக்கக் கொடுக்கிறோம்.

சம்பளம் குறைந்த அடுத்த மாதமே ஆடிக் கிருத்திகை வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னால் வீட்டுக்கார அம்மா படியிறங்கி வந்தார். அவர் மாடியில் இருந்தார். கீழே நான்கு குடித்தனங்கள்.

"இன்னாம்மா, நைனா நல்லா கீறாரா?" என்று தொடங்கினார்.

"ஆங், இருக்காருங்க."

"கிருத்திக வருதில்ல? முன் ரூம மூணு நாளைக்கு வுட்டுக் குடுத்துடு. காவடிக்காரங்க சித்தூர்ல இருந்து வந்துகினு கீறாங்க. போன் மேல போனு."

நாங்கள் இங்கே வந்தபிறகு வரும் முதல் ஆடிக் கிருத்திகை அது, எனக்கு முதலில் புரியவில்லை. அவர் மாடியில் ஏதோ அறையைச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். என் முன்னறையைத்தான் கேட்கிறார் என்று பிறகுதான் புரிந்தது.

"அது நைனா படுக்கற ரூமுங்க."

"தெரியும்மா. உள் ரூமுல போட்டுக்கோ. மூணு நாளுதான? இந்தத் தெருவுல எல்லா வூட்லயும் குடுக்கறாங்க."

உள்ளறையில் அவர் கட்டில் நுழையாது. நுழைந்தாலும் அங்கிருந்து கழிப்பறைக்கு வர இரண்டு நிலைப்படி தாண்ட வேண்டும். முன்னறையில் இருந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே போய்வருவார். அந்த ஒரு காரியத்தை யார் துணையும் இல்லாமல் செய்ய அவர் எத்தனை மாதம் பழகினார் என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கடைசியில், "அந்த மூணு நாளுக்கு வாடகைல கொஞ்சம் கழிச்சுக்கறேன்," என்றார்.

"மாசம் பூரா வாடகை குடுக்கறவ நான். எங்க வீட்ட நீங்க எப்படிங்க இன்னொருத்தருக்குக் குடுப்பீங்க?"

"உங்க வூடா? வூடு என்னுதும்மா. இஷ்டம் இல்லன்னா வேற பாத்துக்கோ."

இதைச் சொல்லும்போதும் அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் என்னை அதிகம் எரித்தது. நைனா கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா மாடிப்படி ஏறிய பிறகு, "நான் எங்கியும் போவல," என்றார், சுவரைப் பார்த்தபடி.

பக்கத்துக் குடித்தனத்தில் ஒரு நெசவுக் குடும்பம். புருஷன் பெஞ்சாதி இருவரும் ஊருக்கு வெளியே ஒரு பவர்லூம் ஷெட்டில் வேலை செய்கிறார்கள். அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன். அவள் ஏற்கெனவே முன்னறைச் சாமான்களைச் சமையலறைக்குள் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"வருசா வருசம் இதான்க்கா. போன வருசம் நாங்க நாலு பேரும் அடுப்புப் பக்கத்துலதான் படுத்துக்கினு இருந்தோம். இன்னா பண்றது? வெளிய போனா இந்த வாடகைக்கு வூடு கெடைக்குமா?"

"நான் தரமாட்டேன்னு சொல்லிட்டேன்."

அவள் கையிலிருந்த தகர டிரங்கை அப்படியே கீழே வைத்தாள். "சொல்லிட்டியா? அதுக்கு இன்னா சொன்னாங்க?"

"வேற வீடு பாத்துக்கச் சொன்னாங்க."

"பாத்தியா," என்று சொல்லி டிரங்கை மறுபடியும் தூக்கினாள்.

மறுநாள் மேனேஜரிடமிருந்து போன் வந்தது. அலுவலக நேரத்தில் ஒருநாளும் காட்டாத கனிவு குரலில் இருந்தது.

"அம்மா, ஒரு சின்ன ஹெல்ப். கிருத்திகைக்கு வர்றோம். பையனுக்கு மொட்டை. லாட்ஜ் எல்லாம் ஃபுல்லாம். உங்க ஊர்தானே, சீப்பா ஒரு ரூம் பாத்து வைங்களேன். அங்க என்ன கேக்கப் போறாங்க?"

எனக்கு வாய்வரைக்கும் என்னென்னவோ வந்தது. ஆனால் அந்த வினாடி இன்னொரு யோசனையும் வந்தது. "பாக்கறேன் சார்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கார அம்மாவிடம் போனேன்.

"சென்னையில இருந்து ஒரு குடும்பம் வருதுங்க. பக்கத்து வீட்டு முன் ரூம அவங்களுக்குக் குடுங்க. என் ரூம வுட்டுடுங்க. விலைய நீங்களே பேசிக்கோங்க. நான் நடுவுல வரமாட்டேன்."

சென்னை என்றதும் அவர் முகம் மாறியது, இரண்டு ரூமுக்குக் காவடிக்காரர்கள் தருவதை ஒரே ரூமுக்கு வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருப்பார். அந்தக் கிருத்திகைக்கு என் முன்னறை தப்பியது. பக்கத்து வீட்டுக்காரி அடுப்புக்குப் பக்கத்தில்தான் படுத்தாள். என் சாமர்த்தியத்தைப் பற்றி அவளிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

கிருத்திகைக்கு முந்தின நாள் மத்தியானம் மேனேஜர் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். காரை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்களாம். அங்கிருந்து ஆட்டோ. தெரு முழுக்கப் புஷ்பக் காவடிகளும் மஞ்சள் துணிகளும் அரோகரா சத்தமும். அந்தக் கூட்டத்தில் பையன் ஒரு கையில், பை ஒரு கையில், வேர்த்து விறுவிறுத்து என் வாசலில் நின்றார்.

"என்னம்மா இது, ரெண்டு கிலோமீட்டர் இருக்குமா? அதுக்கு அவ்வளவு கேக்கறான். மீட்டர் போடுன்னா சிரிக்கறான்!"

வீட்டுக்கார அம்மா வந்து அறையைக் காட்டினார். மின்விசிறி, பாய், பொதுக் கழிப்பறை. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று சொன்னார். அந்தத் தொகை என் ஒரு மாத வாடகையில் பாதி. மேனேஜர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"என்னங்க, பகல் கொள்ளையா இருக்கே? இந்தக் காசுக்குச் சென்னையில ஏசி ரூமே கிடைக்கும்!"

"அப்ப சென்னையிலயே தங்கிக்கோ சார்," என்றார் அந்த அம்மா. "பின்னால ரெண்டு பார்ட்டி நிக்கறாங்க."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லக் கூடாதா? உங்க ஊர் இவ்ளோ மோசமா?"

அன்றைக்கு நான் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. "சார், நீங்க ரெண்டு நாள் இருந்துட்டுப் போயிடுவீங்க. நான் இங்கயே இருக்கேன். இந்த ஊர்ல எனக்கு என்ன செலவுன்னுதானே சம்பளத்துல வெட்டினீங்க?"

அவர் மனைவி சட்டென்று அவரைப் பார்த்தார். மனைவிக்கு இது புதுச் செய்தி என்று தெரிந்தது.

"அது வேறம்மா. இது திருவிழா நேரம்," என்றார் மேனேஜர்.

"திருவிழா போனா தண்ணி வந்துடுமா சார்? டாக்டர் வந்துடுவாரா?"

அதற்குள் பையன் தண்ணீர் வேண்டும் என்று அழுதான். உள்ளே கூப்பிட்டுக் கேன் தண்ணீர் கொடுத்தேன். மேனேஜரும் கூடவே வந்தார். கட்டிலில் நைனாவைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வணக்கம் சொன்னார். நைனா வலதுகையைத் தூக்க முடியாமல் இடதுகையைத் தூக்கினார்.

"நீதான் மேனேஜரா?"

"ஆமாங்க ஐயா."

"எம்பொண்ணு... காலைல ஒக்காந்தா... சாயந்தரந்தான்... எழுந்துக்குது," என்றார் நைனா. அவ்வளவையும் சொல்லி முடிக்க அவருக்கு நிறைய நேரம் ஆயிற்று. மேனேஜர் நின்றபடியே முழுவதும் கேட்டார். பையன் குடித்த தம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போய், வீட்டுக்கார அம்மா கேட்டதை அப்படியே கொடுத்தார்.

இதற்குப் பிறகு ஏதோ நடக்கும் என்று நம்பினேன். அடுத்த மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும், "சார், போன வாரம் எங்க ஊர்ல தங்கினீங்களே. இங்க என்ன செலவாகுதுன்னு நீங்களே சொல்லுங்க," என்று கேட்டேன். "அதைத் தனியா பேசுவோம்," என்றார். தனியாகப் பேசியபோது, மேலே சொல்லிப் பார்த்ததாகவும், ஒருவருக்காகப் பாலிசியை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார். சொல்லிப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. இன்டர்நெட் செலவுக்கென்று ஒரு சின்னத் தொகை மட்டும் வந்தது. நன்றி சொல்லி ஒரு மெயில் போடுங்கள் என்றார். போடவில்லை.

இந்த ஊரைச் செலவில்லாத ஊர் என்று சொல்கிற யாரும் இங்கே இருக்கிறவர்களைக் கேட்டுவிட்டுச் சொல்வதில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து வாடகையை மட்டும் பார்க்கிறார்கள். இங்கே குறைந்த கூலிக்கு ஆள் கிடைப்பதைப் பார்த்து, இவர்களுக்கு அது போதும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எங்களுக்குப் போதுகிறது என்றால், பாதி நேரம் எதையாவது விட்டுக்கொடுத்துவிட்டுப் போதவைக்கிறோம் என்று அர்த்தம். நைனாவுக்கு வாரம் மூன்று நாள் இருந்த பயிற்சியை நான் இரண்டு நாளாக்கினேன். அது எந்தப் பாலிசியில் வருகிறது?

அலுவலகத்தில் தோற்ற கோபத்தை நான் வீட்டுக்கார அம்மாவிடம் காட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும். டிசம்பர் கடைசியில், மலைப்படிகளுக்குப் பூஜை செய்கிற படித் திருவிழா. புது வருஷத்துக்கு மலை ஏறுகிற கூட்டம் வரும், அந்த அம்மா மறுபடியும் படியிறங்கி வருவார். கார்த்திகை மாதத்திலேயே பக்கத்து வீட்டுக்காரியிடம் போனேன். இந்தத் தடவை சாமான்களை நகர்த்தக் கூடாது என்றேன். அவள் பயந்தாள். அவள் புருஷன்தான், "அக்கா சொல்றது சரிதான். நாலு குடித்தனமும் ஒண்ணா காலி பண்ணா அந்தம்மா இன்னா பண்ணும்?" என்றார். மற்ற இரண்டு வீடுகளிலும் அவரே போய்ப் பேசினார்.

வீட்டுக்கார அம்மா வந்தபோது நாலு வீட்டுக்காரர்களும் வாசலில் நின்றோம்.

"முன் ரூம் யாரும் தரதா இல்லீங்க," என்றேன்.

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நெசவுக்காரப் பெண்ணைப் பார்த்து, "நீயுமா?" என்றார்.

"புள்ளைங்களுக்கு முழுப் பரிச்ச வருதுங்க," என்றாள் அவள். இடத்தை விட்டு நகரவில்லை.

அந்த அம்மா முணுமுணுத்துக்கொண்டே மாடிக்குப் போனார். மலையேற வந்தவர்களை மாடியில் தன் ஹாலில் தங்கவைத்தார். தையில் எல்லோருக்கும் வாடகையைக் கொஞ்சம் ஏற்றினார். ஆனாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அந்த மூன்று நாளும் முன்னறையிலேயே புத்தகத்தைப் பரப்பிக்கொண்டு படித்தார்கள்.

நான் இன்னும் அந்தக் கம்பெனியில்தான், அந்தக் குறைந்த சம்பளத்துக்குத்தான் வேலை செய்கிறேன். வேறு வேலை தேடிக்கொண்டும் இருக்கிறேன். இருக்கும் ஊரை முதல் கேள்வியாகக் கேட்கிற கம்பெனியாக இருந்தால், சம்பளம் பேசுவதற்கு முன்பே போனை வைத்துவிடுகிறேன்.