அழித்த பிறகு ஓடிய தூரம்

சாவி தாம்பாளத்தில் இருந்தது. நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. பூசாரி கற்பூரத்தைக் கொளுத்தப் போகிறார். அந்த நேரம் பார்த்து நான் கையை நீட்டி சாவியை எடுத்துக்கொண்டேன்.

சிறுவாச்சூர் கோயில் வாசல். வெள்ளிக்கிழமைக் கூட்டம். எங்களுக்குப் பின்னால் பூஜைக்கு இன்னும் மூன்று வண்டிகள் நிற்கின்றன. அத்தனை பேரும் என்னையே பார்க்கிறார்கள்.

ஏன் எடுத்தேன்? சொல்கிறேன். அதற்கு முன் ஒரு வாசகரின் கேள்வி.

குன்னம் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறார். காரில் சொருகினால் என்ன கோளாறு என்று ஒரு நம்பர், 'கோடு' என்கிறார்கள், காட்டும் மெஷின் ஒன்று குறைந்த விலைக்கு ஆன்லைனில் வருகிறதாம். 'நீங்கள் வைத்திருப்பதாக ஒரு வாரம் எழுதியிருந்தீர்களே, வாங்கலாமா?' என்று கேட்கிறார். ஒரே வார்த்தையில் பதில் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அந்தச் சாவிக் கதையைச் சொன்னால்தான் பதில் வரும் போலிருக்கிறது.

எனக்கு அந்த மெஷின் வந்ததே ஒரு கூத்து. மற்றவர்கள் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்த பிறகு வாங்குவார்கள். நான் எரிவதற்கு முன்பே வாங்கினேன். எரிந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில்!

தீப்பெட்டி அளவில் நீல நிறத்தில் ஒரு டப்பா. ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு நேரே ஒரு சாக்கெட் இருக்கிறது. எட்டு வருடம் அந்தக் காரை ஓட்டியும் எனக்கு அது தெரியாது. அதில் சொருகி, போனில் ஒரு ஆப் போட்டால் வண்டியின் வயிற்றுக்குள் நடப்பதெல்லாம் திரையில் வந்துவிடுகிறது. எல்லாம் ஆங்கிலத்தில். நானோ எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். அர்த்தத்துக்குப் போனையே கேட்டுக்கொள்வேன்.

அதுவரை எனக்கு இருந்தது ஒரே ஒரு கவலை. விளக்கு எரியுமோ என்று. டப்பா வந்த பிறகு...?

இன்ஜின் சூடு தொண்ணூற்றொன்று. சரி. ஐந்து நிமிடம் கழித்துத் தொண்ணூற்று நான்கு. ஐயோ, எதற்கு மூன்று ஏறியது? பேட்டரி பதினான்கு காட்டியதே, இப்போது ஏன் பதிமூன்றரை? காலையில் பல் துலக்குவதற்கு முன் ஒரு தடவை. சாயங்காலம் காபி குடித்ததும் ஒரு தடவை. ஒரு நாளும் கோடு எதுவும் வந்ததில்லை. வராததும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது — மெஷின் வேலை செய்கிறதா, இல்லையா?

"ஏங்க, வண்டிக்கு ஜொரம் பாக்குறீங்களா?" என்றாள் என் மனைவி சாந்தி. "எனக்குப் போன வாரம் நெசமாவே ஜொரம் அடிச்சிச்சு. நெத்தியில கைய வச்சிக்கூட பாக்கல நீங்க."

நான் டப்பாவைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வண்டியை விற்றுவிடலாம் என்று முடிவு செய்ததும் அவள்தான். "நீங்க ஓட்டுறத வுட, நின்னு பாக்குறதுதான் ஜாஸ்தியா இருக்கு. ஓட்டுறவங்க யாராச்சும் கையில குடுத்துடுங்க."

நியாயம்தானே?

அப்படித்தான் மலர்க்கொடி வந்தார். வேப்பந்தட்டையைத் தாண்டி ஒரு கிராமம். அங்கன்வாடியில் வேலை. அவருடைய அப்பாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. செவ்வாயும் சனியும் பெரம்பலூருக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். முடித்துவிட்டு வெளியே வரும்போது மனிதரால் நிற்க முடியாது. பஸ்ஸில் இடம் கேட்டால், 'பாக்க நல்லாத்தான இருக்காரு' என்கிறார்களாம்.

இதற்காகவே டிரைவிங் கற்றுக்கொண்டு லைசென்ஸும் எடுத்திருக்கிறார் அந்தப் பெண். ஞாயிற்றுக்கிழமை அரியலூருக்கு எங்கள் வீடு தேடி வந்து, வண்டியை ஓட்டிப் பார்த்தார்.

"புடிச்சிருக்குண்ணே. வர்ற வெள்ளிக்கிழம சிறுவாச்சூர்ல வச்சி சாவிய வாங்கிக்கிறேன். வேற எடத்துல வாங்குனா எங்கப்பா ஏற மாட்டாரு."

எங்கள் பக்கத்தில் இது புரியும். புது வண்டியோ பழைய வண்டியோ, காளி வாசலில் நிறுத்தி, விற்பவர் சாவியைத் தாம்பாளத்தில் வைக்க வேண்டும். பூசாரி எடுத்து வாங்குபவர் கையில் கொடுப்பார். அதற்குப் பிறகுதான் வண்டி கைமாறியதாகக் கணக்கு. அந்த வாசலில் நின்று பொய் சொல்ல எங்கள் ஆட்களில் யாருக்கும் துணிச்சல் வராது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை காலை. நாளைக்கு வண்டியைக் கொடுக்க வேண்டுமே, வாட்டர் வாஷ் விட்டு வரலாம் என்று கிளம்பினேன். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் சுண்ணாம்புத் தூசிக்குள் ஊர்ந்துகொண்டிருந்தபோது டாஷ்போர்டில் அது எரிந்தது. மஞ்சளாக. இன்ஜின் படம் போட்டு.

எட்டு வருடம் எரியாத விளக்கு!

ஓரங்கட்டி டப்பாவைச் சொருகினேன். முதன்முதலாக ஒரு கோடு. போனிடம் தமிழில் சொல்லச் சொன்னேன். 'அமைப்பு மிகவும் மெலிந்துள்ளது. வங்கி ஒன்று' என்றது. வண்டிக் கவலையோடு பேங்க் கவலையும் சேர்ந்துகொண்டது. இன்ஜினின் ஒரு பக்கத்துக்கு அப்படிப் பெயர் என்று பிறகுதான் தெரிந்தது.

உடனே மெக்கானிக் பாய்க்குப் போன் போட்டேன். லப்பைக்குடிக்காட்டுக்காரர். கல்ஃபில் பல வருடம் பெரிய ஒர்க் ஷாப்பில் இருந்துவிட்டு வந்து பெரம்பலூரில் சொந்தமாகக் கடை போட்டிருக்கிறார். போனில் பின்னாலிருந்து பாத்திரச் சத்தமும் ஆட்கள் சத்தமுமாகக் கேட்டது.

"காத்து ஜாஸ்தியா போவுது, பெட்ரோல் கம்மியா வருது. அதான்ணே அர்த்தம். எதனாலன்னு தொறந்து பாத்தாதான் தெரியும். நாளைக்கு எங்க அக்கா மவளுக்கு நிக்காஹ், கடை பூட்டியிருக்கு. சனிக்கிழம வாங்க, இன்ஷா அல்லாஹ் பாத்துடலாம். மெதுவா ஓட்டுனா ஓடும், பயப்படாதீங்க. ஒண்ணே ஒண்ணு... எதையும் தொடாதீங்க."

நான் தொட்டேன்.

வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மலர்க்கொடிக்குப் போன் செய்து சொல்லலாம். ஆனால் என்ன நினைப்பார்? ஞாயிற்றுக்கிழமை எரியாத விளக்கு வியாழக்கிழமை எரிகிறது என்றால் யார் நம்புவார்கள்? முதலிலிருந்தே மறைத்து வைத்திருந்தான் என்றுதானே தோன்றும்? ஊரில் நாலு பேரிடம் சொன்னால் என் பெயர் என்ன ஆகும்? இப்படியே ஒரு மணி நேரம்.

ஆப்பில் கோட்டுக்குக் கீழே இன்னொரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். 'தவறுகளை அழிக்கவா?' என்று கேட்டது. ஒரு மெஷின் இப்படிக் கேட்டால் வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

அழித்தேன். விளக்கு அணைந்துவிட்டது.

ஏமாற்றுக்காரன் என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் ஏமாற்றினேன். இப்போது எழுதும்போது தெளிவாகத் தெரிகிறது. அப்போது தெரியவில்லை. கவலைப்படுகிறவன் நல்லவன் என்று எனக்கு நானே ஒரு சர்டிபிகேட் கொடுத்து வைத்திருந்தேன். கவலை வேறு, நல்ல குணம் வேறு!

மறுநாள் காலை கிளம்பினோம். வண்டி நகர்ந்ததும் சாந்தி எட்டிப் பார்த்தாள்.

"நேத்து மஞ்சளா என்னமோ எரிஞ்சிச்சின்னு சொன்னீங்களே?"

"போயிடுச்சு."

"பாய் கடையே பூட்டியிருக்குன்னீங்க. எப்புடிப் போச்சு?"

"அதுவா போயிடுச்சு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முப்பது வருடம் கூடவே வாழ்ந்தவள்.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரை ரோட்டைப் பார்த்ததைவிட டாஷ்போர்டைப் பார்த்ததுதான் அதிகம். எரியவில்லை. சிறுவாச்சூர் திருப்பத்திலும் எரியவில்லை. ஒன்று சொல்லட்டுமா? அது எரிந்துவிட்டால் தேவலை என்று இருந்தது எனக்கு. என் சார்பாக வண்டியே உண்மையைச் சொல்லிவிடும் அல்லவா? அதற்கு அந்த எண்ணம் இல்லை.

மலர்க்கொடியும் அவர் அப்பாவும் முன்பே வந்து காத்திருந்தார்கள். அப்பா ஒல்லியான மனிதர், இடது கையில் டயாலிசிஸ் ஊசி போடும் இடத்தில் துணிக்கட்டு. யாரும் கூப்பிடும் முன்பே பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, கால நல்லா நீட்டிக்கலாம் போலருக்கே! நம்ம வூட்டு பெஞ்சவுட வசதியா இருக்கு."

"மொதல்ல எறங்குப்பா. இன்னும் பூசையே போடல."

"நீ போடு. நான் இங்கேருந்தே கும்புட்டுக்கிறேன்."

மலர்க்கொடி சிரித்துக்கொண்டே தன் பையைத் திறந்தார். நீல டப்பா! என்னிடம் இருக்கும் அதே டப்பா.

"எல்லாரும் வாங்கச் சொன்னாங்கண்ணே. பழைய வண்டி எடுக்கப் போறன்னா இது வேணும்ன்னாங்க." குனிந்து சொருகினார். போனைப் பார்த்தார். "கோடு ஒண்ணும் இல்ல."

ஆனால் போனை உடனே வைக்கவில்லை. விரலால் தள்ளித் தள்ளி எதையோ பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு பையில் போட்டுக்கொண்டார்.

பூஜை ஆரம்பித்தது. பானட்டில் சந்தனம், குங்குமம், மாலை. சாவியைத் தாம்பாளத்தில் வைத்தேன். பின் சீட்டில் அவர் அப்பா கட்டுப் போட்ட கையோடு இன்னொரு கையையும் சேர்த்துக் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். இந்த மனிதர் டயாலிசிஸ் முடிந்து, நிற்கக்கூடத் தெம்பில்லாமல் வரும் ஒரு நாளில் வண்டி நடுரோட்டில் நின்றால்? யார் தள்ளுவார்கள்? அந்தப் பெண்ணா?

அப்போதுதான் சாவியை எடுத்தேன்.

"சாமி, ஒரு நிமிஷம்" என்றேன் பூசாரியிடம். மலர்க்கொடியைப் பார்த்தேன். "ஒரு தப்பு பண்ணிட்டேம்மா. நேத்து வண்டியில விளக்கு எரிஞ்சிச்சு. கோடு வந்துச்சு. நான்தான் அழிச்சேன்."

பின்னாலிருந்த வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். "ஏங்க, எலுமிச்சம்பழம் வச்சாச்சில்ல, ஏத்திட்டுக் கெளம்புங்க! வெயிலு ஏறுது!"

மலர்க்கொடி அவசரப்படவில்லை. "உங்க வூட்லேருந்து இங்க எத்தன கிலோமீட்டர்ண்ணே?"

"நாப்பத்தொண்ணு."

போனை எடுத்து என் பக்கம் திருப்பினார். நான் தினம் இரண்டு தடவை பார்த்தும் கீழே இறங்கிப் பார்க்காத ஒரு வரி. போனிடம் கேட்டு அவர் அதைத் தமிழாக்கி வைத்திருந்தார்: 'கோடு அழித்த பிறகு ஓடிய தூரம் — 41'.

இரண்டு தடவை படித்துவிட்டுக் கேட்டேன். "அப்ப தெரிஞ்சிருக்கு. ஏம்மா கேக்கல?"

"நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன். சொல்லாம இருந்திருந்தா, சாவிய வாங்கி உங்க கையிலயே குடுத்துட்டு பஸ் ஏறியிருப்பேன்."

"பஸ்ஸுக்கா?" என்றார் பின் சீட்டிலிருந்து அப்பா. "நான் எறங்க மாட்டேன், சொல்லிட்டேன்."

சாந்திதான் முதலில் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

அன்றைக்கு வண்டி கைமாறவில்லை. பெரம்பலூருக்கு ஓட்டி வந்து, பூட்டியிருந்த பாய் கடை முன்னாலேயே நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு பஸ்ஸில் ஏறினோம். மறுநாள் சனிக்கிழமை. டயாலிசிஸுக்கு அந்த மனிதர் பஸ்ஸில்தான் வந்தார். நான் அழித்த ஒன்றுக்காக அவர் அன்றைக்கும் நின்றுகொண்டு வந்தார். அதை அழிக்க எந்தப் பொத்தானும் இல்லை.

அப்பாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு மலர்க்கொடி ஒர்க் ஷாப்புக்கு வந்தார். பாய் பானட்டுக்குள் தலையை விட்டபடியே என்னை ஒரு பிடி பிடித்தார்.

"எதையும் தொடாதீங்கன்னு சொன்னனா இல்லையா? கோடு வரும்போது என்ன வேகம், என்ன சூடு, எல்லாத்தையும் வண்டி எழுதி வச்சிருக்கும்ண்ணே. அதையும் சேத்து அழிச்சிட்டீங்க. டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி எக்ஸ்ரேவ கிழிச்சிப் போட்ட மாதிரி. இப்ப நான் ஒண்ணொண்ணா தடவிப் பாக்கணும்."

தடவிப் பார்த்தார். ஏர் ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில் இரண்டு விரல் நீளத்துக்கு வெடிப்பு. கையை வளைத்துத் தடவினால்தான் தெரியும். குழாயை மாற்றினார். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து தன் பெரிய மெஷினைப் போட்டு கோடு எல்லாவற்றையும் முறைப்படி அழித்தார்.

"இந்தக் கோட்டுக்கு வீடியோவுல சென்சார மாத்தச் சொல்றாங்களே பாய்?" என்றேன்.

"சொல்லுவாங்க. நல்ல சென்சாரக் கழட்டிப் போட்டுட்டு இன்னொரு நல்ல சென்சார மாட்டியிருப்பீங்க. வெடிப்பு அப்புடியே இருந்திருக்கும்."

சிறுவாச்சூரில் வெள்ளியை விட்டால் திங்கள்தான் நடை திறக்கும். திங்கட்கிழமை மறுபடி நான்கு எலுமிச்சம்பழம். இந்தத் தடவை சாவி தாம்பாளத்திலிருந்து போக வேண்டிய கைக்குப் போனது. அப்பா அன்றைக்கும் முதலிலேயே ஏறி உட்கார்ந்திருந்தார்.

சரி, குன்னம் நண்பரே. வாங்கலாமா?

வாங்கலாம். விலைக்கு மோசமில்லை. மெக்கானிக்கிடம் போகும்போது வாயை மூடிக்கொண்டு நிற்காமல் ஒரு வார்த்தை பேச உதவும். பழைய வண்டி வாங்கப் போகிறீர்கள் என்றால் கண்டிப்பாகப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். என்னைப் போல ஒருவன் எதிரில் நிற்கலாம்! ஆனால் அது காட்டுவது கோளாறை அல்ல. கோளாறு எந்தப் பக்கம் என்பதை. மிச்சத்தை ஒரு கை உள்ளே போய்த் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அழிக்கும் பொத்தானை மெக்கானிக்குக்கு விட்டுவிடுங்கள்.

என்னைப் போலக் கவலைப்படுகிறவர் என்றால் மட்டும் ஒரு தடவை யோசியுங்கள். நமக்குப் பார்க்கப் பார்க்கப் பயம்தான் கூடும்.

வண்டி போய் மூன்று வாரம் ஆகிறது. இன்னும் என் டப்பா மேஜை டிராயரில் கிடக்கிறது. ஆனால் செவ்வாயும் சனியும் சாயங்காலம் போனில் ஒரு படம் வந்துவிடுகிறது. அப்பாவை வீட்டில் இறக்கியதும் மலர்க்கொடி எடுத்து அனுப்புவது. நான் கேட்கவில்லை. கேட்காமலே என் குணம் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

படத்தில் ஒரே ஒரு வரி. 'கோடு அழித்த பிறகு ஓடிய தூரம்'. நேற்று வந்ததில் முந்நூற்று இருபத்தாறு. பாய் அழித்த பிறகு வேறு யாரும் எதையும் அழிக்கவில்லை.

வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு எண் ஏறுவதைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை.