மச்சானுக்கு நான் சொன்ன இடம்

என் கையெழுத்து கோழி கிறுக்கியது போல இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கடலுக்குப் போனவன் நான். இப்போது சிங்கப்பூரில், சுவா சூ காங் பக்கம் புல் வெட்டுகிறேன். நாலு பேர் எதிரில் எனக்குப் பேச வராது, அதனால்தான் எழுதுகிறேன். விடுதியில் யாராவது ஆவி, பேய் என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதைப் படித்துவிட்டு நீங்களும் எழுந்து போகலாம், குறை சொல்ல மாட்டேன்.

எங்கள் ஊர் தொண்டிக்குத் தெற்கே. அந்தக் கடலைப் பெண் கடல் என்போம். பெரிய அலை கிடையாது, வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான் தண்ணீர், காலுக்கடியில் சேறும் கடல் புல்லும். ஒரு காலத்தில் அங்கிருந்து பாய்க்கப்பல்கள் மலாயா வரைக்கும் வந்ததாம். துறை தூர்ந்துபோய் உப்பளம் வந்தது, அதுவும் போய் இப்போது இறால் பண்ணை. மலை, மேடு எதுவும் இல்லாத தட்டையான கரை என்பதால், உயரமாக நிற்கிற இரண்டு பொருள்களைச் சேர்த்து வைத்துப் பார்த்துத்தான் கடலில் இடம் கண்டுபிடிப்போம். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று கையை நீட்டி விரல்களால் அளப்போம். மீன் அண்டுகிற இடத்தின் அடையாளத்தைக் கூடப்பிறந்தவனுக்கும் சொல்வதில்லை. கேட்டால் பொய்யாக ஒன்றைச் சொல்வோம், கேட்டவனும் பொய்யென்று தெரிந்து சிரித்துவிட்டுப் போவான்.

என் அக்கா புருஷன் கேட்டபோதும் அப்படித்தான் ஒரு இடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மச்சினன் சொல்கிறான் என்று நம்பிவிட்டார்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், மார்கழியில், தனியாக வள்ளத்தை எடுத்துக்கொண்டு போனார். காற்று கிளம்பிவிட்டது, திரும்பவில்லை. அவர் வழக்கமாகப் போகிற வடக்குப் பக்கம்தான் ஊரே தேடியது. நானும் ஒரு வள்ளத்தில் உட்கார்ந்து வடக்கே தேடினேன். அவர் தெற்கே, நான் சொன்ன இடத்துக்குத்தான் போயிருப்பார் என்று எனக்கு மட்டும் தெரியும். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மச்சானையே ஏமாற்றியவன் என்று ஆகிவிடும், அவ்வளவுதான் காரணம். மூன்றாம் நாள் தேடுவதை நிறுத்தினார்கள். உடல் கிடைக்காததால் அக்கா தாலியைக் கழற்றவில்லை. இன்றைக்கும் பொட்டு வைத்துக்கொண்டு இருக்கிறாள்.

போன மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் லிட்டில் இந்தியாவில் ஊறுகாய் வாங்கப் போனேன். கடைக்காரர் பாய் இங்கேயே பிறந்தவர், அவருடைய தாத்தாதான் எங்கள் கரையிலிருந்து வந்தவர். பேச்சில் இந்த ஊர் வழக்கப்படி ‘லா’ சேர்ப்பார்.

“தம்பி, உங்களத்தான் பாக்கணும்னு இருந்தேன் லா. நேத்து உங்க ஊர்க்காரர் ஒருத்தர் வந்தாரு. மீன் பிடிக்கிற இடம் ஒண்ணு சொல்லி, அது சரியான்னு உங்ககிட்ட கேக்கச் சொன்னாரு.”

“எந்த இடம் பாய்?”

“பள்ளிவாசல் மினாரா ரெட்டப் பனைக்கு நடுவுல வரணுமாம். மாதா கோயில் சிலுவை உப்பளக் கொட்டகைக்கு இவ்வளவு தெக்க நிக்கணுமாம்.”

நான் மச்சானிடம் சொன்னது அதேதான், ஒரு வார்த்தை மாறவில்லை. அந்தப் பனைகளும் இல்லை, கொட்டகையும் இல்லை, பண்ணைக்காக எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். பாய் கையை நீட்டி அளவு காட்டியபோது ஆள்காட்டி விரலை மடக்கிக்கொண்டு, நடுவிரலையும் மோதிர விரலையும் சேர்த்துக் காட்டினார். மச்சானுக்கு ஆள்காட்டி விரல் பாதிதான் உண்டு. அவர் அப்படித்தான் அளப்பார்.

“ஏன் பாய் விரல இப்படி வெச்சிருக்கீங்க?”

“அவரு அப்படித்தான் காட்டினாரு லா. என்ன தம்பி, மொகமே வெளுத்துப் போச்சு? சரின்னா அங்கேயே இருந்து தேடுவாராம், தப்புன்னா வீட்டுக்குப் போயிடுவாராம். எது சொல்லட்டும்?”

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். எல்லாரும் என்னையே பார்ப்பது போல இருந்தது. நம்பினால் நம்புங்கள், “சரிதான் பாய்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் போன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. திரும்பி ஓடினேன்.

“பாய், அது தப்பு. அவர் வந்தா தப்புன்னு சொல்லுங்க.”

“இனி எங்க லா வருவாரு? நீங்க சொல்லும்போது உங்க பின்னாலதானே நின்னாரு? தலையாட்டிட்டுப் போயிட்டாரே.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கடையில் போய் நிற்கிறேன். அவர் வரவில்லை. என்னோடு வேலை செய்கிறவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயந்துதான் மச்சானைத் தேடிய அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை.

இன்று காலை அக்காவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. அழவும் இல்லை. “அங்க ஆழம் எவ்வளவுடா?” என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது. நான் அங்கே ஒருநாளும் போனதில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை.