முப்பத்தொன்பதாவது வீடு

இது கதை இல்லை. கதை விடுகிற ஆளும் நான் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எண்ணிப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் என் தலையில் கட்டியது நகரத்தை ஒட்டிய ஒரு குட்டி ஊர். வடக்கே ரயில் பாதை, தெற்கே தண்ணீர் நிறைந்த கல்குவாரி, நடுவில் ஒரே தெரு. வரைபடத்தில் முப்பத்தெட்டு வீடுகள். விதி எளிது: அன்று இரவு யார் எந்த வீட்டில் தூங்குகிறாரோ, அவர் அந்த வீட்டுக் கணக்கு.

என் தம்பிதான் பைக்கில் கொண்டுபோய் விட்டான். வெல்டர். இருபத்தாறு வயது. அப்பா, அம்மா போன பிறகு எனக்கென்று இருந்தது அவன் ஒருவன்தான்.

"ஆடு மாட்டையும் சேர்த்து எண்ணிடாதக்கா. நான் முக்குல டீ குடிச்சிட்டு நிக்கிறேன்."

மாலை 5.40. முப்பத்தெட்டும் முடிந்தது. நூற்று நாற்பத்தொரு பேர். அப்பாடா என்று பேனாவை மூடியபோதுதான் குவாரிப் பக்கம் இன்னொரு கதவு தெரிந்தது.

வரைபடத்தில் அது இல்லை. வரைந்தவனைத் திட்டிக்கொண்டே போய்த் தட்டினேன். ஒரு பெண் திறந்தாள். அவள் உடையின் நுனியில் தண்ணீர் சொட்டியது. துவைத்துக்கொண்டிருந்திருப்பாள் என்று நினைத்தேன்.

உள்ளே அவள் கணவன், மாமனார், நீலக் கவுன் போட்ட ஒரு சின்னப் பெண். மூவரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் திரும்பவில்லை.

நாலு பேரையும் எழுதினேன். "அவ்ளோதானே?"

"இன்னொரு ஆள் இருக்கான், டீச்சர்."

நான் டீச்சர் என்று சொல்லவே இல்லை...

ஒரு பேர் சொன்னாள். என் தம்பியின் பேர்.

"வெல்டர். இடது புருவத்துல தழும்பு இருக்கும்."

"அவன்... இங்க இல்லையே..."

"இன்னைக்கு ராத்திரி இங்கதான் தூங்குவான். அப்போ எங்க வீட்டுக் கணக்குதானே?"

சொட்... சொட்...

விழுந்தடித்து ஓடினேன். 5.58. முக்கில் தம்பி டீ கிளாஸோடு நின்றான்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி வர்ற?"

கட்டிப்பிடித்து அழுதேன். எல்லாம் சொன்னேன். சிரித்தான், பாவி.

அன்று இரவு கதவைப் பூட்டினேன். அவன் கையைப் பிடித்தபடி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணை மூடவே இல்லை. சத்தியமாக.

2.15. குறட்டை.

3.05. குறட்டை.

3.40...

சொட்... சொட்...

என் பிடிக்குள் அவன் கை நனைந்திருந்தது.

உலுக்கினேன்.

கத்தினேன்.

எழவில்லை.

"நுரையீரல் முழுக்கத் தண்ணிம்மா. எங்க குளிக்கப் போனான்?" என்றார் டாக்டர். கட்டிலை விட்டே அவன் இறங்கவில்லை என்று யாரிடம் சொல்வது?

படிவத்தைப் பார்த்தேன். ஐந்தாவது வரியில் அவன் பேர். என் கையெழுத்து. நான் எழுதவில்லை. அந்த ஊருக்குத் திரும்பவும் போனேன். கதவு இருந்த இடத்தில் குவாரித் தண்ணீர்தான் கிடந்தது.

பத்தாம் நாள் ஒரு பெரியவர் வீடு தேடி வந்தார். போன தடவை அந்த ஊரை எண்ணியவராம்.

"அந்த வீட்ல எத்தனை பேர்னு எழுதினீங்க?"

"அஞ்சு."

"பத்து வருஷம் முன்னாடி நான் போனப்ப மூணு பேர்தாம்மா இருந்தாங்க."

சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோ எடுத்தார். ஏழு வயதுப் பெண். நீலக் கவுன்.

"நாலாவதா அவ சொன்னது என் மகளை."

கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்க பார்த்தீங்கல்ல, டீச்சர்... எம் பொண்ணு நல்லா இருக்காளா?"

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள் என்று எந்த வாயால் சொல்வேன்?