திருத்தியும் மாறாத பக்கம்

மானாவாரி விவசாயிகளுக்காக ஒரு வலைப்பூ நடத்துகிறேன். வேளாண்மைப் பட்டயம் படித்துவிட்டுக் கோவில்பட்டியில் வீட்டோடு இருந்த எனக்கு அது ஒன்றுதான் பிடிப்பு. மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்த பிறகு நிறையப் பேர் படிக்க வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே குறை.

"சுத்திக்கிட்டே கெடக்கு, தங்கச்சி. எழுத்து வாரதுக்குள்ள டவர் போயிருது."

வலைப்பூவின் தோற்றத்துக்கு நான் போட்டிருந்த தீம் அப்படி. பெரிய முகப்புப் படம், இரண்டு எழுத்துரு, எல்லாம் ஒவ்வொரு முறையும் புதிதாக இறங்க வேண்டும். ஒருமுறை இறங்கியதை வாசகரின் பிரவுசரிலேயே சேமித்துவிட்டால் அடுத்த முறை நெட் இல்லாமலும் திறக்கும் என்று படித்தேன். மூன்று நாள் மல்லுக்கட்டி அதைச் செய்தேன். தொட்டதும் பக்கம் திறந்தது. நாலைந்து பேர் போன் செய்து பாராட்டினார்கள்.

தீமின் கோப்புகளை மட்டும் சேமிக்கச் சொல்லியிருக்க வேண்டும். அறியாமல் கட்டுரைகளையும் சேர்த்துவிட்டேன். சேமித்தது இருந்தால் அதையே காட்டு, புதிதாகத் தேடாதே என்பது நான் எழுதிய விதி.

அந்த வாரம் படைப்புழு மருந்தைப் பற்றி எழுதினேன். பத்து லிட்டர் தண்ணீருக்கு 4 மில்லி என்பதற்குப் பதில் 40 என்று அடித்திருக்கிறேன். மறுநாள் காலையில் கடம்பூர்க்காரர் ஒருவர் கூப்பிட்டார்.

"நாப்பதுன்னு போட்டிருக்கீங்க. மருந்துக்கடையில நாலுன்னுல்லா சொல்லுதாவ?"

உடனே திருத்தினேன். "இப்பப் பாருங்க, அண்ணாச்சி."

"இப்பவும் நாப்பதுதான் காட்டுது."

மூடிவிட்டுத் திறக்கச் சொன்னேன். நாற்பதுதான். நேற்று அந்தப் பக்கத்தைத் திறந்த ஒவ்வொரு போனிலும் அதே எண் உட்கார்ந்திருக்கிறது. விதியை மாற்றி ஏற்றினேன். ஆனால் டவர் கிடைத்துத் திறந்தால்தான் மாற்றம் போய்ச் சேரும். யார் யார் படித்தார்கள் என்பதும் தெரியாது. வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். நம்பர் இருந்தவர்களையெல்லாம் அழைத்தேன். நாகலாபுரத்துக்காரர் ஒருவர், போன வாரம் இதே மருந்தைப் பற்றிக் கேட்டவர், கிடைக்கவேயில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் அழுதேன்.

வீட்டில் அவர் மனைவிதான் இருந்தார். "அவிய விடியவே மருந்தடிக்கப் போயிட்டாவளே. என்ன விஷயம்?"

சொன்னேன். அவர் மக்காச்சோளக் காட்டைப் பார்த்து ஓடினார். முந்தின நாள் மழையில் கரிசல் செருப்போடு அப்பியது. செருப்பை உதறிவிட்டு நானும் பின்னால் ஓடினேன். வரப்பில் அவர் கணவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு ஏக்கரும் அடித்து முடித்திருந்தார். வாந்தி எடுத்த தடம் சட்டையில் இருந்தது.

அவரை நடுவில் உட்காரவைத்து, மனைவி பின்னால் பிடித்துக்கொள்ள, விளாத்திகுளம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். வழியில் இரண்டு முறை வண்டி நின்றுபோனது. சாயங்காலம்தான் டாக்டர், பயமில்லை என்றார்.

உள்ளே போனபோது அவர் தன் போனை என் பக்கம் நீட்டினார். டவர் இல்லை. பக்கம் ஒரு நொடியில் திறந்தது.

"நீங்க போட்டதப் பார்த்துத்தானே அடிச்சேன், தங்கச்சி."

அவர் போனில் இருந்ததை நானே அழித்தேன்.

இரண்டாம் நாள் அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். பயிர் தப்பவில்லை. குருத்தெல்லாம் தீய்ந்துவிட்டது. அதை உழுதுபோட்டு, பருவம் தப்பிக் கொத்துமல்லி விதைத்தார்கள். நான் போய் மன்னிப்புக் கேட்டபோது அவர் மனைவி இடுப்பில் இருந்த விதைப்பெட்டியை இறக்கிவைக்கவில்லை.

"அவியளுக்கு ஒண்ணும் ஆகல, அது போதும். இனிமே எதுன்னாலும் நேர்ல வந்து சொல்லுங்க. போன்ல எழுதிப் போடாதீங்க."

சரி என்றேன். அதன் பிறகு நான் எந்த மருந்துக்கும் அளவு எழுதியதில்லை.