மேலே அக்கா, கீழே தம்பி

கப்பலில் அவளை எல்லாரும் ‘திமிங்கலம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். பேருக்கும் ஆளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு அவளுக்கு. பேர் ஒட்டிக்கொண்ட கதை வேறு.

அவளுக்கு சோனார் வேலை. போர்க்கப்பலின் வயிற்றுக்குள், ஜன்னலே இல்லாத ஒரு சின்ன அறையில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கடலுக்கு அடியில் என்னென்ன சத்தம் வருகிறது என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த வருஷம், ஒரு மத்தியானம், “நீர்மூழ்கி சார்! பக்கத்துலயே இருக்கு!” என்று அலறிவிட்டாள். அபாய மணி அடித்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டைப் போட்டுவிட்டு ஓடினார்கள். முடி வெட்டிக்கொண்டிருந்த கேப்டன் பாதி வெட்டிய தலையோடு மேலே வந்து நின்றார். பீரங்கி திரும்பியது. அந்த நேரம் பார்த்து, கப்பலுக்கு முன்னால் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு ஒரு திமிங்கலம் எழுந்தது. எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் பாட்டுக்குப் போய்விட்டது.

கேப்டன் மீதி முடியை வெட்டிக்கொள்ளக் கீழே போனார். ஆனால் சாயங்காலத்துக்குள் கப்பல் முழுக்க அவளுக்கு அந்தப் பேர் நிலைத்துவிட்டது.

அவள் வீடு கப்பல் கட்டும் தளத்தின் வாசலுக்கு எதிர்த்தெருவில் இருந்தது. அப்பா அந்தத் தளத்தில் வெல்டர். அம்மா வீட்டின் முன்னறையில் தையல் மிஷின் போட்டுக் கடற்படைச் சீருடை தைத்தாள். பதவி உயர்வு கிடைத்தவர்கள் தோள்பட்டையில் புதுப் பட்டை வைக்க நேராக அவளிடம்தான் வருவார்கள். அதனால் யார் மேலே போனார்கள், யார் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள் என்பது தளபதிக்கு அடுத்தபடியாக அம்மாவுக்குத்தான் தெரியும்.

தம்பி இரண்டு வயது சின்னவன். அக்கா சேர்ந்ததும் தானும் கடற்படையில் சேர்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

“அக்கா போற எடமெல்லாம் வாலப் புடிச்சிக்கிட்டே போவியாடா?” என்று அப்பா கேட்டதில் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“அவ கப்பலுக்கு மேலதானே இருக்கா? நான் கடலுக்கு அடியிலயே போறேன்” என்று சொல்லி, நீர்மூழ்கிப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். வீம்புக்கு எடுத்த முடிவுதான். ஆனால் போன இடம் அவனுக்குப் பிடித்துப் போயிற்று. எலக்ட்ரீஷியன் வேலை. இரண்டு பேருக்கு ஒரு படுக்கை. ஒருவன் எழுந்து வேலைக்குப் போனதும், அவன் படுத்த சூடு ஆறுவதற்குள் இன்னொருவன் வந்து படுத்துக்கொள்வான். குளியல் என்பது ஈரத்துணியால் துடைத்துக்கொள்வது. கடலிலிருந்து திரும்பும்போது டீசலும் வேர்வையும் வெங்காயமும் கலந்த ஒரு வாடை அவனுக்கு முன்னால் தெருவுக்குள் வரும். அம்மா அவனை வாசலிலேயே நிறுத்தி, துணியை வாளியில் போட வைத்து, “கொஞ்சல் எல்லாம் குளிச்சப்புறம்” என்று சொல்லி உள்ளே விரட்டுவாள்.

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் லீவில் வந்தால் வீடு இரண்டுபடும்.

“அது என்னக்கா கப்பலு, தகர டப்பா. நீங்க கெளம்புறப்பவே எங்களுக்குக் கேட்டுடும்.”

“நீங்க மட்டும் என்னடா? தண்ணிக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டு, தும்மக்கூட கேப்டன்கிட்ட பர்மிஷன் கேக்குற ஆளுங்க.”

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த வருஷத்துப் பெரிய பயிற்சி வந்தது. நீர்மூழ்கி ஒளிய வேண்டும், போர்க்கப்பல் தேட வேண்டும். தேடப்போவது அக்காவின் கப்பல், ஒளியப்போவது தம்பியின் நீர்மூழ்கி. புறப்படுவதற்கு முன்னால் நால்வரும் சேர்ந்து சாப்பிட்டபோது அம்மாவுக்கு இது தெரிந்துவிட்டது.

“அவன் இருக்குற எடம் தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?” என்று மகளிடம் கேட்டாள்.

“சின்னதா குண்டு போடுவோம்மா. வெறும் சத்தம்தான். பட்டாசு மாதிரி.”

அம்மா கையில் எடுத்த கரண்டி அப்படியே நின்றது. “கூடப் பொறந்தவன் தலைமேலயா?”

“பயிற்சிம்மா!”

“என்ன பயிற்சியோ. நீ கேக்காத மாதிரி இருந்துடு. யாருக்குத் தெரியப்போகுது?”

“அம்மா, நீ ஏன் கவலப்படுற?” என்றான் தம்பி, வாய் நிறைய வைத்துக்கொண்டு. “அவளுக்கு நெஜமாவே கேக்காது. திமிங்கலம்தான் கேக்கும்.”

அப்பா பேச்சை முடித்து வைத்தார். “ரெண்டுத்துக்கும் வெல்டிங் அடிச்சவன் நான். ரெண்டும் ஒழுங்கா வந்து சேரணும். அவ்வளவுதான்.”

பயிற்சியின் முதல் இரண்டு நாளும் போர்க்கப்பலுக்குப் போதாத காலம். எங்கே தேடினாலும் நீர்மூழ்கி இல்லை. திடீரென்று கப்பலுக்குப் பக்கத்திலேயே தண்ணீருக்குள்ளிருந்து ஒரு பச்சைப் புகைக்குண்டு எழும்பும். ‘டார்பிடோ விட்டாயிற்று, நீங்கள் மூழ்கிப் போனீர்கள்’ என்று அதற்கு அர்த்தம். முதல் நாள் ஒரு தடவை மூழ்கினார்கள். மறுநாள் சாப்பாட்டு வேளையில் இன்னொரு தடவை. சோனார் பிரிவுத் தலைவரை எல்லாரும் சீஃப் என்பார்கள். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். அவர் அறைக்குள் வந்து, “செத்தவங்களுக்கு எதுக்கு டீ?” என்று அவள் கையிலிருந்த குவளையை வாங்கித் தானே குடித்துவிட்டுப் போனார். அந்த நேரம் தம்பி அடியில் உட்கார்ந்து எப்படிச் சிரித்துக்கொண்டிருப்பான் என்று நினைத்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம். தூரத்தில் சரக்குக் கப்பல்கள் ‘டம் டம்’ என்று போய்க்கொண்டிருந்தன. இறால் கூட்டம் ஒன்று எண்ணெயில் எதையோ போட்டது போலப் படபடவென்று பொரிந்தது. அவற்றுக்கெல்லாம் கீழே, மெல்லிசாக, வேறொன்று கேட்டது. நாலு வீடு தள்ளித் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம்.

வாயைத் திறக்க அவளுக்குப் பயமாக இருந்தது. மறுபடியும் கேப்டன் தலை பாதியில் நின்றால்? கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை கேட்டாள். திமிங்கலம் பாடும், கிளிக் கிளிக் என்று சொடுக்கும். ஆனால் எந்தத் திமிங்கலமும் தையல் மிஷின் ஓட்டாது.

“சீஃப், ஏதோ பம்ப் ஓடுது. இடது பக்கம், முன்னால.”

சீஃப் ஒரு ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்தார். “எனக்கு ஒண்ணும் கேக்கலயே. திமிங்கலமா?”

“இல்ல சார். இது கரண்டுல ஓடுற பொருள்.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மேலே சொல்லிவிட்டார்.

கப்பலின் பின்தளத்திலிருந்து ஹெலிகாப்டர் கிளம்பியது. அவள் சொன்ன இடத்துக்கு மேலே நின்று, கயிற்றில் கட்டிய சோனாரைத் தண்ணீருக்குள் இறக்கியது. கொஞ்ச நேரத்தில் ஹெலிகாப்டர்காரர் குரல் ஸ்பீக்கரில் வந்தது: “இருக்கு. நல்லா பெருசா இருக்கு.” கப்பலே ஆரவாரித்தது. அம்மாவிடம் பட்டாசு என்று சொன்ன அந்தச் சின்னக் குண்டுகளைப் போட்டார்கள். அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

கண்டுபிடித்துவிட்டால் நீர்மூழ்கி மஞ்சள் புகை விட வேண்டும், இல்லையென்றால் தண்ணீருக்குள் பேசுகிற போனில் பதில் சொல்ல வேண்டும். அதுதான் விதி. புகை வரவில்லை. போனில் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. “தோத்துப் போனத ஒத்துக்க மனசு வரல போலிருக்கு” என்று யாரோ சிரித்தார்கள். மறுபடி கூப்பிட்டார்கள். அப்போதும் பதில் இல்லை.

அதே நேரத்தில் அவள் காதில் அந்தத் தையல் மிஷின் சத்தம் நின்றுபோனது.

அவள் எழுந்துவிட்டாள். “சார், பம்ப் நின்னுடுச்சு.”

அறையில் சிரிப்பு நின்றது. கேப்டன் பயிற்சியை நிறுத்தச் சொன்னார். கப்பல் என்ஜினை அணைத்தார்கள், அவள் காதுக்கு இடைஞ்சல் இருக்கக் கூடாது என்று. மேல்தளத்தில் நடக்கிறவர்கள்கூடக் காலணியைக் கழற்றிவிட்டு நடந்தார்கள். அந்த இடத்தில் ஆழம் அதிகமில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

சீஃப் அவள் தோளில் கை வைத்தார். அவருடைய பெரிய குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது. “எழுந்திரும்மா. தம்பி உள்ள இருக்கான்னு எனக்குத் தெரியும். வேற ஆள உக்கார வைக்கிறேன்.”

“வேற ஆள் உக்காந்தா நான் வெளிய நின்னு என்ன சார் பண்றது?” என்றாள். “நானே கேக்குறேன்.”

அவர் வற்புறுத்தவில்லை. பக்கத்தில் ஒரு டீயை வைத்துவிட்டு நின்றார்.

அவள் கேட்டாள். இறால்கள் பொரிந்தன. வேறு எதுவும் இல்லை. தன் நெஞ்சு அடிப்பதையே சத்தம் என்று ஒரு தடவை நினைத்துவிட்டாள். பிறகு, ணங். கொஞ்சம் இடைவெளி. ணங். ணங்.

“தட்டுறாங்க சார்! இரும்புல இரும்ப வச்சுத் தட்டுறாங்க! என் தம்பிதான், அவன்தான் தட்டுறான்!”

“ஆள் இருக்காங்க” என்று சீஃப் மேலே கத்தினார். குரல் திரும்பி வந்துவிட்டது.

அடுத்து வந்த சத்தத்துக்கு ஹெட்போனே தேவைப்படவில்லை. பூதம் ஒன்று சோடா பாட்டிலை உடைத்தது போல ‘புஸ்ஸ்ஸ்’ என்று நீண்டுகொண்டே போன இரைச்சல். நீர்மூழ்கியின் தொட்டிகளுக்குள் காற்றை அடைத்துத் தண்ணீரை வெளியே தள்ளுகிறார்கள். அவள் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். “ஊதுறாங்க சார்! மேல வராங்க!”

மேல்தளத்தில் கூட்டம் கூடிவிட்டது. கடல் கொதிப்பது போல நுரைத்து, கறுப்பு மூக்கு வானத்தைப் பார்த்து எழுந்து, மறுபடி தண்ணீரில் விழுந்து நிலைத்ததாம். மூடியைத் திறந்துகொண்டு ஒவ்வொருவராக இருமிக்கொண்டே வெளியே வந்தார்களாம். எல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லக் கேட்டதுதான். மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வேறு கப்பல்களோ படகுகளோ குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு இருந்தது. கப்பலில் அந்தக் காட்சியைப் பார்க்காதவள் அவள் ஒருத்திதான்.

இரண்டு நாள் கழித்து தம்பி வீட்டுக்கு வந்தான். அம்மா அவனை வாசலில் நிறுத்தவில்லை. வாடையோடேயே கட்டிக்கொண்டாள். பிறகு முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

“ஒரு புருவத்தக் காணோமேடா!”

“சுவிட்ச் பெட்டி ஒண்ணு எரிஞ்சுதும்மா. நான் போய் மெயின் ஆஃப் பண்றப்போ சுட்டுடுச்சு. அதுல போனும் போச்சு, பம்பும் போச்சு. ஒரே புகை. எல்லாரும் மாஸ்க்கப் போட்டுக்கிட்டோம்.”

“நாங்க போட்ட குண்டாலயாடா?” என்று அக்கா கேட்டாள். இரண்டு நாளாக அவள் தூங்காததற்கு அதுதான் காரணம்.

“சீச்சீ. அந்தப் பெட்டி மொதல்லேர்ந்தே மக்கர் பண்ணுது. அது சூடாகாம இருக்கத்தான் அந்தப் பம்ப ஓட்ட வேண்டியதாச்சு. இல்லேன்னா உன்னால கண்டுபுடிச்சிருக்க முடியுமா?”

“நீ தட்டினது கேட்டுதுடா. நீன்னு உடனே தெரிஞ்சுபோச்சு.”

தம்பி ஒற்றைப் புருவத்தைத் தூக்கினான். “நான் எங்கக்கா தட்டினேன்? நான் கைல கட்டுப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். தட்டினது எங்க சமையக்காரரு. பெரிய கரண்டியால.”

அப்பா சிரிக்க ஆரம்பித்து இருமலில் முடித்தார். கப்பலில் எல்லார் முன்னாலும் ‘என் தம்பிதான்’ என்று கத்தியது நினைவுக்கு வந்து அக்காவின் காது சிவந்தது. பிறகு யார் ஜெயித்தது என்று சண்டை தொடங்கியது. கண்டுபிடித்தாயிற்று என்றாள் அவள். சுவிட்ச் எரிந்தது கணக்கில் சேராது, இரண்டு தடவை மூழ்கடித்தது மட்டும்தான் சேரும் என்றான் அவன்.

“ரெண்டு பேரும் தோத்தீங்க” என்றாள் அம்மா. “போய்க் கை கழுவிட்டு வாங்க.”

புருவம் வளர்ந்தது. நீர்மூழ்கியில் சுவிட்ச் பெட்டிகளை எல்லாம் மாற்றினார்கள். தம்பி திரும்பவும் கடலுக்கு அடியில் போனான். அக்காவுக்குத்தான் கப்பலில் மனசு ஒட்டவில்லை. என்ஜினை அணைத்த அந்த மத்தியானம் போல ஒரு அமைதியை அவள் அதற்கு முன் கேட்டதில்லை. பயம் போன பிறகும் அந்த அமைதி மட்டும் காதிலேயே தங்கிவிட்டது. அடுத்த வருஷம் நீர்மூழ்கிகளில் பெண்களும் சேரலாம் என்று அறிவிப்பு வந்ததும் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

“நல்லாத்தானே இருக்க இங்க?” என்றார் சீஃப்.

“கப்பல்லேர்ந்து கேக்குறது கதவுக்கு வெளிய நின்னு ஒட்டுக் கேக்குற மாதிரி இருக்கு சார். உள்ள போய்க் கேக்கணும்.”

வீட்டில்தான் புயல் அடித்தது. “ஒண்ணு அடியில கெடக்குறது போதாதா? ரெண்டுமா?” என்று அம்மா ஒரு வாரம் மிஷினை மட்டுமே பார்த்துப் பேசினாள். எட்டாம் நாள், மகளின் புதுச் சீருடையை வாங்கி, நீர்மூழ்கிப் பிரிவின் சின்னத்தைத் தைத்துக் கொடுத்தாள். தையல் மூன்று மடங்கு பலமாக இருந்தது. தம்பிக்கு வேறு கவலை. “என் கப்பலுக்கு மட்டும் வந்துடாதக்கா. மானம் போயிடும்.” அந்த ஆபத்து இல்லாமல், அவளை வேறொரு நீர்மூழ்கியில் போட்டார்கள்.

பயிற்சிக் கூடத்தில் உயரமான தண்ணீர்க் கோபுரத்தின் அடியிலிருந்து மேலே தப்பி வரும் பாடம் இருந்தது. அதில் முதல் தடவை மூக்கில் தண்ணீர் ஏறித் திணறினாள். இரண்டாம் தடவை சரியாக வந்தாள். நீர்மூழ்கியில் படுக்கையை அவளோடு பகிர்ந்துகொண்டது சமையலறையில் வேலை பார்த்த இன்னொரு பெண். தலையணையில் எப்போதும் வெங்காய வாசனை.

முதல் முறையாகக் கடலுக்குள் இறங்கிய அன்று, மற்றவர்கள் ஆழமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். சொந்தக் கப்பலின் இரைச்சல் என்று ஒன்று இங்கே இல்லை. எங்கேயோ ஒரு சரக்குக் கப்பல் தெளிவாக, ஒவ்வொரு சுற்றும் தனித்தனியாகக் கேட்டது. அதற்கும் அப்பால் இன்னொன்று. பிறகு மேலேயிருந்து ஒரு சத்தம் பரவியது. அரிசியை முறத்தில் கொட்டுவது போல, எல்லாப் பக்கமும் ஒரே சீராக. என்னவென்று பிடிபட அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“என்னம்மா கேக்குது?” என்றார் கேப்டன்.

“மேல மழை பெய்யுது சார்” என்றாள்.