முதல் வளைவில் தெரிந்தது

மலையில் பஸ் ஓட்டுகிறவனுக்குப் பயம் இருக்காது என்று ஊட்டிக்குச் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஜன்னல் வழியாகப் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, இறங்கும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கிய ஆட்கள் உண்டு. நான் இருபது வருஷமாகப் பயந்துகொண்டேதான் ஓட்டுகிறேன். பள்ளத்துக்குப் பயம், மூடுபனிக்குப் பயம், மெமோவுக்குப் பயம், ரிட்டையர்டு ஆன மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்வேன் என்று பயம். இவற்றில் எது பெரிது என்று ஒரு சாயங்காலம் எனக்குத் தெரிந்துபோனது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

அன்று எங்கள் வேலைநிறுத்தத்தின் மூன்றாம் நாள். எந்த டிப்போ என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அதற்கும் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும். நாங்கள் கேட்டது ஆகாயத்தில் இருக்கிற எதையும் இல்லை. பழைய பென்ஷனைக் கொடு, காலி இடங்களுக்கு ஆள் போடு, ஒரே ஆளை இரண்டு டூட்டி பார்க்க வைக்காதே, வண்டியைப் பழுது பார்த்துக் கொடு. எனக்கு முன்னால் சேர்ந்தவர்களுக்குச் சாகும்வரை பென்ஷன் வரும். பின்னால் சேர்ந்த பாவத்துக்கு எனக்கு அது கிடையாது. கிளட்ச் மிதித்து மிதித்து இடது முட்டி போய்விட்டது, படி இறங்கினால் சுவரைப் பிடித்துக்கொள்கிறேன். இந்த முட்டியை வைத்துக்கொண்டு அறுபது வயதில் எந்த எஸ்டேட்டில் போய் வாட்ச்மேன் வேலை கேட்பது? போராட்டப் பந்தலில் என் குரல் எல்லோர் குரலையும்விட உரக்கக் கேட்டதற்குக் காரணம் வீரமில்லை, இந்தப் பயம்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். முந்தைய வேலைநிறுத்தத்தின்போது எங்களில் ஒருவர் இரண்டாம் நாளே வண்டியை எடுத்துவிட்டார். வீட்டில் ஏதோ கஷ்டம் என்றார், யார் கேட்டோம்? கேட்டில் நின்று “கருங்காலி” என்று முதலில் கத்தியவன் நான். அதற்குப் பிறகு அவரோடு யாரும் டீ குடிக்கவில்லை. ஓய்வறையில் அவர் பாயை விரித்தால் பக்கத்துப் பாய் தள்ளிப் போய்விடும். ரிட்டையர்டு ஆன அன்று ஒருவரும் மாலை போடவில்லை. கடைசி டிரிப்பை முடித்துவிட்டு டிபன் கேரியரோடு தனியாக கேட்டைத் தாண்டிப் போனார். நான் டீக்கடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொல் ஒரு ஆளை என்ன செய்யும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

மூன்றாம் நாள் காலையில் தற்காலிக டிரைவர்களை இறக்கினார்கள். ஹெவி லைசென்ஸ் இருந்தால் போதும் என்று கீழே சமவெளியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர்களைக் கூட்டி வந்துவிட்டார்கள். எங்களுக்கு மலையில் வண்டி கொடுப்பதற்கு முன் எத்தனை பழக்கினார்கள், எத்தனை சோதித்தார்கள் என்று நினைத்தபோது எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஏறுகிற கியரில்தான் இறங்க வேண்டும், இன்ஜின்தான் வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும், பிரேக்கைக் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் ஒரே காலையில் வருமா? அவர்கள் ஓட்டும் வண்டியில் எங்களில் ஒருவரும் பயணியாகக்கூட ஏறக் கூடாது என்று பந்தலில் முடிவானது. கை தூக்கச் சொன்னார்கள். நான் இரண்டு கைகளையும் தூக்கினேன்.

அன்று மூன்றரை மணிக்கு பஸ் ஸ்டாண்டில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். நர்சிங் படிக்கிறாள். எங்கள் வீடு கீழ் கோத்தகிரிப் பக்கம். வேலைநிறுத்தம் தொடங்கியதிலிருந்து எஸ்டேட் ஜீப்புகளில் தொற்றிக்கொண்டுதான் போய்வந்தோம். அன்று மழையும் மூடுபனியும் ஒன்றாக வந்ததில் ஒரு ஜீப்பையும் காணோம்.

“நாளைக்குப் பிராக்டிகலுங்கப்பா. ரெக்கார்டு நோட்டு ஊட்டுல கெடக்குது. பஸ்ஸுல போயிரலாம்.”

“அவனுக ஓட்டற வண்டிலயா?”

“வேற வண்டி எங்க இருக்குது? நீங்க வர்லீன்னா நான் மட்டும் போறேன்.”

இவளை எப்படித் தனியாக விடுவது? நின்றுகொண்டிருந்தது நான் வழக்கமாக ஓட்டும் வண்டி. பிரேக் இளகிக் கிடக்கிறது என்று வேலைநிறுத்தத்துக்கு முன் நான்கு நாள் தொடர்ந்து எழுதிக் கொடுத்தேன், ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது கியரில் இறக்கினால் அதிலும் ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம், அந்த நான்கு நாளும் நான் அப்படித்தான் போனேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குரங்குக் குல்லாவைப் புருவம் வரை இழுத்துவிட்டுத் திருடன் மாதிரி ஏறினேன்.

நடுவில் இடம் கிடைத்தது. மகள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி நிறைய எஸ்டேட் பெண்கள். குல்லா போட்டால் மட்டும் விட்டுவிடுவார்களா?

“ஏனுங்ண்ணா, டிரைவரே டிக்கெட் எடுத்துட்டு வர்றீங்க?” என்றார் பின்சீட்டு அம்மா.

“சத்தம் போடாதீங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“நாங்க ஆருகிட்டச் சொல்லப்போறோம்” என்று அவர் சிரித்தார். முன்சீட்டில் ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் பனியை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் போன் என் பக்கம் திரும்பாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் அப்போது என் கவலை.

இறக்கம் தொடங்கும் இடத்தில் ஒரு சில்வர் ஓக் மரம் நிற்கிறது. முதல் வளைவை நாங்கள் அந்த மரத்தின் பெயரால்தான் சொல்வோம். அதில் திரும்பியபோது இன்ஜின் சத்தம் அடங்கியது. மற்றவர்களுக்கு அது சுகமாக இருந்திருக்கும்; வண்டி உறுமாமல், உதறாமல் வழுக்கிக்கொண்டு போனது. எனக்கு மட்டும் புரிந்துவிட்டது. அந்தத் தற்காலிக டிரைவர் கியரை எடுத்து நியூட்ரலில் போட்டுவிட்டான். கீழே லாரிக்காரர்கள் டீசல் மிச்சம் பிடிக்கச் சரிவில் அப்படி உருட்டுவார்கள். இங்கே அப்படி உருட்டினால் வண்டியைப் பிடிக்க பிரேக் ஒன்றுதான் மிச்சம், அந்த பிரேக் எப்படிப்பட்டது என்று அந்த வண்டியிலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் எழவில்லை.

இரண்டாவது வளைவில் அவன் பிரேக்கை அழுத்தினான், வண்டி கொஞ்சம் அடங்கியது. பார், பிடிக்கிறதே என்றது மனசு. மூன்றாவது வளைவில், அவனே கியர் போட்டுவிடுவான், அவனுக்கும் உயிர் மேல் ஆசை இருக்காதா என்றது. நான் எழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். முன்சீட்டுப் போன் என்னைப் பிடிக்கும். தடை போட்ட வண்டியில் ஏறியதும் தெரியும், தற்காலிக ஆளுக்குக் கைகொடுத்ததும் தெரியும். மறுநாள் பந்தலில் யார் முதலில் அந்தச் சொல்லைச் சொல்வார்கள் என்று முகம் முகமாக நினைத்துப் பார்த்தேன். பக்கத்தில் என் மகள் ஜன்னல் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முழங்கை என் மேல் இடித்துக்கொண்டே இருந்தது. அப்படியும் நான் எழவில்லை.

நான்காவது வளைவில் எல்லோரும் ஒரு பக்கமாகச் சரிந்தோம். ஐந்தாவதில் பிரேக் லைனிங் கருகும் வாசம் வந்தது. “என்னமோ தீயற மாதிரி இருக்குதே” என்றார் பின்சீட்டு அம்மா. ஆறாவது வளைவில் வண்டி வேகம் குறையாமலே திரும்பியது. காய்கறிப் பைகள் உருண்டன. மகள் என் கையை இறுகப் பிடித்து, “அப்பா” என்றாள். அப்போதுதான் எழுந்தேன்.

கம்பிகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனேன். நாற்பது வயதிருக்கும் அந்த டிரைவருக்கு. வேர்வையில் சட்டை ஒட்டிக் கிடந்தது.

“கியர் போடுப்பா.”

“கியர் விழ மாட்டீங்குதுங்க” என்றான். பிரேக்கை மிதித்துக் காட்டினான். “பிரேக்கும் நிக்க மாட்டீங்குதுங்க.”

“நீ ஸ்டியரிங்கைப் பாரு. நான் சொல்றப்பக் கிளட்சை மிதி, விடு, ஆக்சிலேட்டரை நல்லாக் குடு, திரும்ப மிதி.”

கியர் கம்பியை நான் பிடித்துக்கொண்டேன். முதல் தடவை பல்லில் பல் அரைத்துவிட்டு வெளியே தள்ளியது. இரண்டாம் தடவையும் விழவில்லை. கண்ணாடிக்கு வெளியே பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை, ஆனால் அடுத்தது குழாயடி வளைவு, அங்கே தடுப்புச் சுவர் இடிந்து கிடக்கிறது என்பது எனக்குத் தெரியும். எனக்குச் சாமி பெயர்கூட வாயில் வரவில்லை. மூன்றாம் தடவை கியர் விழுந்தது. இன்ஜின் அலறியது. அந்த அலறலைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. மேட்டுப் பக்கம் ஒடிக்கச் சொன்னேன். வண்டி மண்ணில் உரசிக்கொண்டே போய், வாய்க்காலில் சக்கரம் இறங்கி, தேயிலைப் புதரில் மூக்கை இடித்து நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன்.

ஒரு அம்மாவுக்கு உதடு கிழிந்திருந்தது, இன்னொருவருக்குக் கை வீக்கம். அவ்வளவுதான். டிரைவர் ரோட்டோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “கீழ நாங்க இப்படித்தானுங்க உருட்டுவோம்” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவனை இந்த ரோட்டில் ஏற்றிவிட்டவர்களைத்தான் வாய்விட்டுத் திட்டினேன்.

மிச்ச தூரத்தை எல்லோரும் பனியில் நடந்தோம். மகள் என் கையை விடவே இல்லை. கொஞ்ச தூரம் போனபின் கேட்டாள்.

“எப்பீங்கப்பா தெரிஞ்சுது உங்களுக்கு?”

“அந்தக் கடைசி வளைவுலதான் சாமி. தெரிஞ்ச உடனே எந்திரிச்சிட்டேன்.”

“நல்லவேளைக்கு நீங்க வந்தீங்க” என்றாள்.

மறுநாள் பந்தலுக்குப் போகக் கால் வரவில்லை. எனக்கு முன்னால் செய்தி போயிருந்தது. தெருமுனையிலேயே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இதோ வந்துவிட்டது அந்தச் சொல் என்று நின்றேன். சங்கத் தலைவர் எழுந்து வந்து என்னைக் கட்டிப் பிடித்தார்.

“மைக்கைப் புடிங்க. பழகாத ஆளை மலையில உட்டா என்ன ஆகும்னு ஊருக்கே தெரியட்டும்.”

யாராவது அந்த நேரத்தில் என் வாயைப் பொத்தியிருக்கலாம். தப்பித்த சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. “முதல் வளைவுலயே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க” என்று ஆரம்பித்தேன். “அந்தச் சில்வர் ஓக்குகிட்டச் சத்தம் நின்ன உடனே சொல்லிட்டேன், இவன் நியூட்ரல்ல போட்டுட்டான்னு. இருபது வருஷ அனுபவமுங்க. அது ஒரே நாள்ல வருமா?” கைதட்டல் ஓயவே இல்லை. யாரோ சால்வை போட்டார்கள். நான்கு பேராவது வீடியோ எடுத்தார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது என் குரல் எனக்கு முன்னால் கேட்டது. மகள் அடுப்படியில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடம் முடிந்ததும் பின்னால் தள்ளி மறுபடி போட்டாள். முதல் வளைவுலயே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. என் மனைவி ஒன்றும் புரியாமல், “நல்லாத்தானே பேசியிருக்கீங்க” என்றாள்.

“அத்தனை வளைவும் என்ற பக்கத்துல உக்காந்துட்டு என்னங்கப்பா பண்ணீட்டு இருந்தீங்க?” என்றாள் மகள்.

“பயந்துட்டு இருந்தேன் சாமி.”

“எதுக்கு? பள்ளத்துக்கா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். முந்தின நாள் ஒரு பொய் சொல்லிவிட்டு இரண்டாவது சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “கருங்காலின்னு சொல்லிருவாங்கன்னு” என்றேன். அவள் போனை அணைத்துவிட்டு, எனக்குச் சோறு எடுத்துவைத்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

கோரிக்கைகளை ஆராயக் குழு போடுகிறோம் என்றார்கள், வேலைநிறுத்தம் முடிந்தது. குழு இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறது. நான் காலை ஏழு மணி வண்டியை எடுக்கிறேன். அதில் போனால்தான் அவள் காலேஜில் முதல் பீரியடுக்குப் போய்ச் சேர முடியும். அவள் ஏழே முக்கால் வண்டிக்குப் போகிறாள்.