பொயிலர் பேனாட்

வாசல் மணியை அடித்துவிட்டுப் பேனாட் அண்ணை வாசலில் நிற்கமாட்டார். நாங்கள் வந்து கதவைத் திறக்கும்போது அவர் வீட்டின் பின்பக்கம் போயிருப்பார். புகைபோக்கியைப் பார்ப்பார், யன்னல்களை எண்ணுவார், அயலவரின் வேலிவரை போய் அங்கிருந்து எங்கள் கூரையை அண்ணாந்து பார்ப்பார். அந்தப் பத்து நிமிடமும் மொன்றியலின் நவம்பர்க் காற்றுக்குக் கதவைத் திறந்து பிடித்தபடி நிற்பவன் நான். "உள்ளுக்கை வாங்கோவன் அண்ணை" என்றால், "வீட்டை வெளியிலை பாக்காமல் உள்ளை என்னத்தைப் பாக்கிறது?" என்பார். பிறகு யாரிடமும் சுகம் விசாரிக்காமல் நேரே பேஸ்மன்டுக்கு இறங்கிவிடுவார்.

மன்னார்க்காரர், வயது ஐம்பத்தெட்டு. காஸ் வேலைக்கான லைசென்சை நாற்பத்தாறு வயதில், மீசை முளைக்காத பெடியங்களோடு ஒரே வகுப்பு வாங்கில் இருந்து பிரெஞ்சில் படித்து எடுத்தவர். அதனால் வீட்டைச் சூடாக்கும் பொயிலரின் உறுப்புகளெல்லாம் அவருக்குப் பிரெஞ்சில் மட்டுமே தெரியும். எங்களோடு தமிழிலும் பொயிலரோடு பிரெஞ்சிலும் கதைப்பார். கூடுதல் மரியாதை பொயிலருக்குத்தான் கிடைக்கும். வேலை முடியாமல் தேத்தண்ணியைத் தொடமாட்டார். எப்போது முடியும் என்று கேட்டால் "பாப்பம்" என்பார். அந்த ஒரு சொல்லைக் கேட்டே எனக்கு இரத்த அழுத்தம் ஏறியது.

எனக்கு அவசரம் இருந்தது. 2007ஆம் ஆண்டு. தங்கை குணேஸ்வரி, கணவன், மூன்று பிள்ளைகள் என்று ஐந்து பேரும் நவம்பர் கடைசியில் கொழும்பிலிருந்து வருகிறார்கள். மொன்றியலின் வில்லரேப் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் அவர்களுக்கு இருந்த ஒரே இடம் பேஸ்மன்ட். அதன் நட்டநடுவில் பழைய பொயிலர் கால்விரித்து நின்றது. கட்டில் போடவேண்டிய பக்கத்துச் சுவரில் காஸ் மீற்றர். மீற்றரைக் காஸ் கொம்பனி ஆட்கள் மட்டுமே தொடலாம், பொயிலரை லைசென்ஸ் உள்ளவர் மட்டுமே தொடலாம். ஒன்று நகராமல் மற்றது நகராது. இந்த இரண்டுக்கும் நடுவில் பேனாட் அண்ணையிடம் மாட்டிக்கொண்டேன்.

மீற்றரை வீட்டுக்கு வெளியே கொண்டுபோவதென்று முடிவாகி, அவர் பக்கச் சுவரை மூன்று தரம் அளந்து மீற்றர் வரவேண்டிய இடத்தில் சோக்கால் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி போட்டார். அந்த இடம் நான் கார் விடும் இடத்துக்கு இடைஞ்சல். அவர் போனபிறகு அதைத் துடைத்துவிட்டு, யன்னல் பக்கமாக ஒரு முழம் தள்ளி நானே ஒரு புள்ளடி போட்டேன். மூன்று கிழமை காத்திருந்து கொம்பனி ஆட்கள் வந்தார்கள். பேனாட் அண்ணை சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அவர்களிடம் சிரித்துக் கதைத்து, "மெர்சி" சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

"என்ன அண்ணை செய்யிறியள்? பிறகு எப்ப வருவாங்கள்?"

"பேந்து வருவாங்கள். இது என்ரை புள்ளடி இல்லை. யன்னலுக்குக் கிட்ட காஸ் வைக்கேலாது."

எனக்கு வந்த கோபத்தில் அவரை அப்படியே தூக்கி வீதியில் போட்டிருப்பேன். பிழை என்னுடையது என்பதால் சோக்கை எடுத்து அவரிடமே நீட்டினேன்.

கொம்பனி ஆட்கள் மறுபடி வந்து அவருடைய புள்ளடியில் மீற்றரை மாட்டியபிறகு, பொயிலரைப் பின்மூலையில் ஒரு சிறு அறைக்குள் அடைத்துக் கதவு போடுவதற்கு ஒருவழியாகச் சம்மதித்தார். ஆனால் வெளிக்காற்று வர ஒரு குழாய் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நான் எரிந்து விழுந்தேன். "புரோசார்ட்டிலை தியாகராசா வீட்டிலை குழாயும் இல்லை, ஒண்டும் இல்லை. அவை நல்லாத்தானே இருக்கினம்?"

"அது அவையின்ரை அதிர்ஷ்டம். நெருப்புக்குக் காத்து வேணும் தம்பி. காத்து இல்லாட்டி அது நஞ்சைத்தான் தள்ளும். மணமும் இராது, புகையும் இராது."

நஞ்சு வந்தால் அலறும் கருவி ஒன்றும் வாங்கி மாட்டச் சொன்னார். ஓம் ஓம் என்றேன். வாங்கவில்லை.

தங்கை குடும்பம் வருவதற்கு முதல்நாள் வேலை முடிந்தது. அன்றுதான் தேத்தண்ணி குடித்தார். இனி இந்த மனிதர் முகத்தில் விழிக்கத் தேவையில்லை என்று எனக்குப் பெரிய நிம்மதி.

டிசம்பர் பிறந்ததும் குளிர் இறுகியது. அந்தக் குழாய் வழியாக வந்த காற்று கதவடியால் புகுந்து பிள்ளைகள் படுக்கும் அறையைக் குளிர்ப்பெட்டி ஆக்கியது. வாழ்நாளில் கூதலே அறியாத பிள்ளைகள் பல் நடுங்கின. ஒரு வெள்ளிக்கிழமை நான் என் பழைய கம்பளியைச் சுருட்டி அந்தக் குழாய்க்குள் இறுக அடைத்துவிட்டேன். அறை கதகதப்பாகிவிட்டது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா இந்த மனிதர் என் உயிரை எடுத்தார் என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். அடுத்தநாள் குணேஸ்வரி, "அண்ணா, எழும்பினதிலையிருந்து ஒரே தலையிடி. பிள்ளையளும் சோந்து கிடக்குதுகள்" என்றாள். பிரயாண அலுப்பு என்று சொல்லிப் பனடோல் மாத்திரை கொடுத்தேன்.

ஞாயிறு மத்தியானம் தேவாலயத்தில் பூசை முடிந்து, கோட்டும் சூட்டுமாகப் பேனாட் அண்ணை கூப்பிடாமலே வந்து நின்றார். யன்னலால் அவரைக் கண்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் கடுங்குளிருக்குப் பிறகு தான் பொருத்திய பொயிலர்களைப் போய்ப் பார்ப்பது அவருடைய வழக்கமாம். வழக்கம்போலப் பின்பக்கம் போனார். வெளிச்சுவரில் இருந்த குழாய் வாயில் உள்ளங்கையை வைத்தார். எடுத்தார், மறுபடி வைத்தார்.

அந்த மனிதர் ஓடி நான் கண்டதில்லை. பனிக்குள் சறுக்கிச் சறுக்கி ஓடி, மீற்றரடியில் குந்தியிருந்து காஸை நிறுத்தினார். வாசலால் வரும்போதே, "பிள்ளையள் எங்கை?" என்று கத்தினார்.

"கீழை. நித்திரை."

"தூக்குங்கோ! அம்புலன்சுக்கு அடியுங்கோ! கதவு எல்லாத்தையும் திறவுங்கோ!"

அவர் ஒன்றைத் தூக்கினார், நான் ஒன்றைத் தூக்கினேன், மைத்துனன் ஒன்றைத் தூக்கினான். மூன்றும் கண்ணைத் திறக்கவில்லை. முன்வாசலைத் திறந்துபோட்டு, கோட்டுகளை விரித்து, அவற்றின்மேல் வரிசையாகக் கிடத்தினோம். மனைவி டெலிபோனில் பதறினாள். குணேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "நான்தான் அண்ணை அடைச்சனான்" என்றேன். இரண்டு மாதமாக அவர்மேல் இருந்த எரிச்சல் முழுவதும் என்மேலேயே திரும்பியது. அவர் ஒரு சொல்லாவது ஏசியிருக்கலாம்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பூசை உடுப்போடு முழங்காலில் நின்று, மூச்சு வருகிறதா என்று பெரியவனின் மூக்கடியில் புறங்கையைப் பிடித்தார். பொறுத்திருந்தார். பிறகு நடுவிலாளுக்கு, பிறகு கடைக்குட்டிக்கு. மூன்று பேருக்கும் பார்த்து முடித்துவிட்டு, முழங்காலாலேயே நகர்ந்து, திரும்பவும் பெரியவனின் மூக்கடிக்குப் புறங்கையைக் கொண்டுபோனார்.